தடித்த கிரீஸ்

பொகோட்டாவில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு
பெரிய சாலைகளைக் கார்களிடமிருந்து பிடுங்கி
சைக்கிள்களிடம் கொடுத்துவிடுவார்கள்,
மதியம் இரண்டு வரைக்கும்.
பதினோரு வருடம் அந்த ஏழு மணி நேரமும்
நான் தூங்கினேன்.
சைக்கிள் கடைக்காரிக்கு வேறு விடுமுறை ஏது.

திங்கட்கிழமை வருவார்கள்,
பழுதோடும் பொய்யோடும்.
"ஒன்றுமே செய்யவில்லை, தானாக வளைந்தது" என்பார் தோன் ஹெர்னான்.
சக்கரம் பொரித்த அப்பளம் போல் நெளிந்திருக்கும்.
"காற்று மட்டும் போதும்" என்பாள் யாமிலே.
பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும்.
நான் வண்டியை ஸ்டாண்டில் மாட்டி
சங்கிலியைக் கேட்பேன், டயரைக் கேட்பேன்.
ஆளிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
எவ்வளவுக்குள் வேண்டும்?

எலியேசர் பர்ராகான் அந்த ஒன்றுக்கும் இடம் வைக்கவில்லை.
இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்தார்,
கிராம் கிராமாக எடை விசாரித்து.
பாத்தியோஸ் மேட்டுக்கு ஏறி
மூச்சு வாங்க நின்று
பாலாடைக்கட்டி மிதக்கும் பானகம் குடிக்கிற கூட்டம்
என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து முறை திரும்பி வந்தார்.
"சத்தம் வருகிறது."
சுற்றிப் பார்த்தேன். பட்டு.
மிதியைக் கழற்றி மாட்டினேன். பட்டு.
"இங்கே வராது," என்றார், "வெளியில்தான்."
வெளியில் என்றால் எங்கே
என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.
அவர் தெருமுனை திரும்பியதும்
"காதில்தான் கோளாறு" என்றேன் யெஃபர்சனிடம்.
சம்பளம் வாங்குகிற பையன், சிரித்தான்.

ஆகஸ்டில் வாடகை ஏறியது.
அதனால்தான், வேறு ஞானோதயம் ஒன்றுமில்லை,
ஒரு ஞாயிறு பம்பையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு
ஏழாம் சாலை ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

தோன் ஹெர்னான் வந்தார்,
ஐம்பத்தெட்டு வயது, வங்கி மேலாளர்,
தேவாலயத்துப் படிக்கட்டில்
கூச்சலிட்டபடி சைக்கிளோடு இறங்கினார்.
யாமிலே வந்தாள்,
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கூடையில் நாய்,
சரிவில் செருப்பைத் தேய்த்து நிறுத்திக்கொண்டு.
நான் யாருக்கு விற்றேனோ
அவர்களில் ஒருவரும் அந்தச் சாலையில் இல்லை.

பத்து மணி வாக்கில் எலியேசர்.
கடந்துபோனார் என்று சொல்ல முடியாது.
பக்கத்தில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள்,
ஓட்டம் என்பது அவள் வைத்த பெயர்.
தொப்பிக்குக் கீழே
இப்போதுதான் முளைக்கிற முடி.
உதடு எண்ணியது,
உள்ளே நான்கு, வெளியே நான்கு.
அவர் ஒரு மிதி மிதித்து உருளவிட்டார்,
ஒரு மிதி, பிறகு உருளல்.
உருளும்போதெல்லாம் பின்சக்கரத்தில்
டிக் டிக் டிக் டிக்.

மிதியை விட்டதும் வருகிற அந்தச் சத்தத்தை
நானும் ஐந்து முறை கேட்டேன்தான்.
நல்ல ஹப் அப்படித்தான் பேசும்.
வேகக்காரர்கள் அதற்காகவே கூடுதல் காசு கொடுப்பார்கள்.

அவளுடைய எண்ணிக்கை மூன்றில் தடுக்கியது.
கொசுவை விரட்டுகிறவள் போல் கையை வீசினாள்.
அவர் பதறி மிதித்தார்.
சத்தம் நின்றது,
வண்டி அவளைத் தாண்டிப் போய்விட்டது.

மறுநாள் நானே ஃபோன் செய்தேன்.
ஹப்பைத் திறந்து மெல்லிய எண்ணெயைத் துடைத்து
தடித்த கிரீஸை வழிய வழிய அப்பினேன்.
எந்தப் பந்தயக்காரனும் பார்த்தால் அடிக்க வருவான்.
"என்னதான் கோளாறு?"
"உங்களைவிட அவசரமான ஒருவருக்காகச் செய்த வண்டி," என்றேன்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பணம் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன், வாடகை இருக்கிறதே.

இப்போது ஞாயிறுகளில் நாங்கள் இரண்டு பேர் உட்காருகிறோம்.
அக்டோபர் தூறலில் ஒருநாள்
யாருடைய ட்யூபையோ ஒட்டிக்கொண்டிருந்தேன்.
யெஃபர்சன் முழங்கையால் இடித்தான்.
நிமிர்ந்தபோது முதுகுகள்தான் தெரிந்தன.
அவள் அரைச் சக்கரம் முன்னால்.
போனது
எனக்குக் கேட்கவே இல்லை.